அவள் வரைந்த குரல்

நம்புவதும் நம்பாமல் போவதும் உங்கள் இஷ்டம். நான் சத்தியம் எல்லாம் செய்யப் போவதில்லை. என் சத்தியத்துக்கு எங்கள் வீட்டிலேயே மதிப்பு இருந்ததில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நள்ளிரவில் இல்லை. மழையில் இல்லை. நாய் ஊளையிடவும் இல்லை. பட்டப்பகல், மதியம் மூன்று மணி. வெளியே பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வெயிலில் எங்கள் வீட்டில் ஒரே ஓர் அறையில் மட்டும் இருட்டு. அந்த இருட்டில்தான்...

இருங்கள். முதலில் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் கடைசிப் படத்தை நான் கெடுத்தேன். ஒருவரும் அதைப் பார்ப்பதற்கு முன்னால். நானே அதைக் கேட்பதற்கு முன்னால். அலட்சியத்தால் கெடுத்திருந்தால்கூட மனசு ஆறும். அக்கறையால் கெடுத்தேன்.

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். நான் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பல்லைக் கோத்து, ஈறு வைத்து, மெருகு போட்டுக் கொடுப்பேன். எங்கள் பேட்டையில் பாதிப் பேர் சிரிப்பது என் சிரிப்பு. என்னிடம் சண்டை போட்டால் நறநறவென்று கடிப்பதும் என் பல்லைத்தான். மெருகு போட ஒரு பொடி உண்டு. சாம்பல் நிறம். தொட்டால் மாவு மாதிரி இருக்கும். உண்மையில் அரைத்த கல். ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்தால் எதுவும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

அவள் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் மாலை அவளுடைய கடைசிப் படத்தை ஃபிலிம் சொசைட்டியில் திரையிடுவதாக ஏற்பாடு. அவளுடைய பழைய புரொஜெக்டரிலேயே ஓட்டுவது, நானே ஓட்டுவது என்று அடம் பிடித்துச் சம்மதம் வாங்கியிருந்தேன். புரொஜெக்டருக்குள் விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு சின்ன உலோகச் சட்டம் இருக்கும். ஃபிலிம் அதை உரசிக்கொண்டுதான் இறங்கும். அதில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. அவளாக இருந்தால் பஞ்சால் ஒரு துடை துடைத்திருப்பாள். நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். பொடி போட்டுத் தேய்த்தேன். சட்டம் தங்கப் பல் மாதிரி மின்னியது. "எப்படி?" என்று சுவரில் மாட்டியிருந்த அவள் ஃபோட்டோவைப் பார்த்துப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

பிறகு படத்தை மாட்டி ஒரு தடவை ஓட்டினேன். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். சுருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க மட்டும்தான். நான்கு நிமிடப் படம். ஒழுங்காகத்தான் ஓடியது.

முடிந்ததும் சட்டத்தைத் திறந்தேன். உள்ளே கறுப்பாக, சுருள் சுருளாக, பென்சில் சீவிய தூள் மாதிரி ஏதோ குவிந்திருந்தது.

அது படத்தின் தோல்.

இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த கல்துகள்கள் சுருளைத் தலையிலிருந்து வால் வரை உழுதிருந்தன. இரண்டு கோடுகள். ஒன்று படத்தின் நடுவில். இன்னொன்று ஓரத்தில். அந்த ஓரத்தில்தான் அவளுடைய குரல் இருந்தது. வேறு பிரதி கிடையாது.

எந்தக் குரல் என்று சொல்கிறேன்.

அவள் படம் எடுப்பவள். படம் என்றதும் சண்டை, பாட்டு, கடைசியில் போலீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்படிச் சுவரில் வெயில் நகர்வதை ஒரு நாள் முழுக்க எடுத்தவள் அவள். அன்று நாங்கள் சமைக்கவில்லை, நிழல் விழுந்துவிடுமாம். இன்னொரு தடவை, யாரோ தூக்கிப் போட்ட கல்யாணப் படச் சுருளை வாங்கி வந்தாள். மனிதர்கள் தெரிகிற இடத்தையெல்லாம் வெட்டி எறிந்தாள். காலி நாற்காலியும் தரையும் திரைச்சீலையும் மட்டும் மிஞ்சின. "கல்யாணம் அமர்க்களம். ஒருத்தரும் வரலை," என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மற்றொரு படத்தை அவள் எடுக்கவே இல்லை. வெறும் ஃபிலிமைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்து வைத்து, பூஞ்சை தின்றது போக மிச்சத்தை ஓட்டினாள். திரையில் பச்சையும் ஊதாவுமாக ஏதேதோ பூத்தது. பார்க்கப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒருவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே போய் விசாரித்தேன். கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரமாம்.

அவள் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் "ஒருத்தர் அழுதாரு பாத்தியா, ஒருத்தர் அழுதாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கண் ஆபரேஷன் விஷயத்தை நான் கடைசி வரை சொல்லவில்லை.

எனக்கு அவள் படங்கள் ஒன்றும் புரியாது. புரியாததைவிட மோசம், தூக்கம் வரும். விளக்கு அணைந்த ஐந்தாவது நிமிடம் தலை சாய்ந்துவிடும். அவள் புரொஜெக்டர் பக்கத்தில் தன் முக்காலியில் உட்கார்ந்தபடி, இருட்டில் மெதுவாகக் கேட்பாள்.

"தூங்கிட்டியா?"

"சேச்சே. முழிச்சிட்டுதான் இருக்கேன்."

ஒவ்வொரு தடவையும் பொய். ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரியும். "நீ தூங்கினா படம் நல்லா வந்திருக்குன்னு அர்த்தம், பல்லு" என்பாள். பல்லு என்பது நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் வைத்த பெயர்.

பிறகு அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். ஆளைக் காப்பாற்றிவிட்டோம் என்றார் டாக்டர். குரலை எடுத்துவிட்டார்கள்.

கையடக்க ஃபோன்கள் வராத காலம் அது. அவளுடைய படங்கள் எல்லாம் ஊமைப் படங்கள். டேப்பில் பேசச் சொன்னால் "தகர டப்பால கூழாங்கல்லு போட்ட மாதிரி இருக்கு என் குரல்" என்று ஓடிவிடுவாள். அதனால் அவள் குரல் எங்கேயும் இல்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. இதை நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் திரும்பும்போதுதான் யோசித்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே யோசித்தோம்.

அதற்கப்புறம் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டிப் பேசினாள். எழுதச் சோம்பலாக இருந்தால் மேஜையைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் இல்லை. இரண்டு தட்டு என்றால் ஆமாம்.

ஒரு நாள் என் ஊசிகளைக் காணோம். பல் செட்டுக்கு மெழுகு செதுக்கும் மெல்லிய ஊசிகள். தேடிப் போனால் அவள் அறையில் இருக்கின்றன. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்த அறை அது. கதவைச் சாத்தினால் நடுப்பகலும் நள்ளிரவுதான். கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கை வைத்து, அதன்மேல் கறுப்பு ஃபிலிமைப் பரப்பி, அதன் ஓரத்தில் என் ஊசியால் கீறிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

சிலேட்டில் எழுதினாள். *என் குரலை வரையறேன்.*

விஷயம் இதுதான். ஃபிலிமின் ஓரத்தில் சத்தத்துக்கென்று ஒரு பட்டை இருக்கிறது. புரொஜெக்டரின் ஒரு மூலையில், மூடிக்குள், சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பல்பு அந்தப் பட்டை வழியாக வெளிச்சம் பாய்ச்சும். பட்டையில் இருக்கிற கோடு எப்படி நெளிகிறதோ அப்படி வெளிச்சம் நடுங்கும். அந்த நடுக்கம்தான் ஸ்பீக்கரில் சத்தமாக வருகிறது. அப்படியானால் கோட்டைச் சரியாக வரைந்தால் எந்தச் சத்தமும் வரும். பேச்சும் வரும். இது எனக்குப் புரிவதற்குள் சிலேட் நாலு தடவை அழிந்தது.

இரண்டு வருஷம் வரைந்தாள். ஒரு கை நீளம் கீறுவாள், புரொஜெக்டரில் ஓட்டுவாள், கேட்பாள், தூக்கிப் போடுவாள். நான் முன்னறையில் பல்லுக்கு மெருகு போட்டபடியே, கேட்ட சத்தம் என்ன என்று கத்துவேன்.

"ஸ்கூட்டர்!"

டக்.

"கதவு! எண்ணெய் போடாத கதவு!"

டக்.

"ஆடு! சத்தியமா ஆடு!"

டக்... இந்த டக் கொஞ்சம் பலமாக விழும்.

இரண்டாவது டக் விழுந்ததே இல்லை. "என்ன வார்த்தைன்னாவது சொல்லேன்" என்று கெஞ்சினேன். *கேட்டுச் சொல்லு* என்று எழுதினாள். "பல்லுதானே? எனக்குத் தெரியும்." அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். தட்டவே இல்லை.

அப்புறம் கட்டி திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், அறையிலிருந்து அவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம். முடிந்த சுருளை டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி, என் கையில் கொடுத்தாள். இப்போதே ஓட்டிக் காட்டு என்றேன். ஒரு தட்டு. சிலேட்டில் எழுதினாள். *வந்ததும் சேர்ந்து கேக்கலாம்.*

வரவில்லை.

ஒரு மாதம் அந்த டப்பாவை அலமாரியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். தனியாகக் கேட்கத் தைரியம் வரவில்லை. நாலு பேர் நடுவில் கேட்டால் அழாமல் இருப்பேன் என்று ஒரு கணக்கு. அதனால்தான் அன்று சத்தத்தைக் குறைத்துவிட்டு ஓட்டினேன். அதனால்தான், அது உயிரோடு இருந்தபோது நான் அதைக் கேட்கவே இல்லை.

சரி. அந்த மதியத்துக்கு வருகிறேன்.

கறுப்புத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு புரொஜெக்டர் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். அவருக்குப் பெயர் வேறு. எங்கள் வீட்டில் அவர் பெயர் 'பார்க்கலாம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். ஒரு தடவை "உங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டேன். "பார்க்கலாம் சார்" என்றார். பெண் பக்கத்திலேயே இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள்.

"படம் கீறிடுச்சு. சத்தத்தோட சேர்த்து. சரி பண்ண முடியுமா?"

"பார்க்கலாம் சார்."

"முடியுமா முடியாதான்னு சொல்லுங்க."

"காலைல வர்றேன். வந்து... பார்க்கலாம்."

ஃபோனை வைத்தேன். வைத்த கையோடு மணி அடித்தது. மச்சினன். அவளுடைய தம்பி. ஃபிலிம் சொசைட்டிக்குச் செயலாளர். அக்காவின் படங்களைப் பற்றி அக்காவைவிட அதிகம் பேசுகிறவன்.

"மாமா, நாளைக்கு எல்லாம் ரெடியா? படத்தைப் போட்டுப் பாத்தீங்களா?"

நான் ஒரு கணம் யோசித்தேன்.

"பாத்தேன். நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

டக்.

அவளுடைய உள்ளறையிலிருந்து வந்தது. மரத்தில் விரல் கணு பட்ட சத்தம். ஒரே ஒரு தட்டு.

"யாரு மாமா தட்டறது?"

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. வீட்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல. ஜன்னலா இருக்கும்."

சொல்லிவிட்டு வைத்தேன். அந்த அறை ஜன்னல்களை அவள் ஆணி அடித்து மூடி ஆறு வருஷம் ஆகிறது.

நான் பயந்தாங்கொள்ளி. பல் பிடுங்கும்போது பக்கத்தில் நிற்கச் சொன்னபோது மயங்கி விழுந்துதான் பல் டாக்டர் ஆகாமல் போனேன். ஆனால் அன்று பயம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. கீறல் போனது போக எங்கேயாவது ஒரு துளி மிஞ்சியிருக்குமா... ஒரு எழுத்து... அரை எழுத்து... அதையாவது கேட்டுவிட வேண்டும். நாளைக்கு மெக்கானிக் வந்து இருக்கிறதையும் கெடுப்பதற்கு முன்னால்.

உள்ளறைக்குப் போய்ச் சட்டத்தைச் சுத்தமாகத் துடைத்தேன். இந்தத் தடவை பஞ்சால். சுருளைத் திருப்பிச் சுற்றி மாட்டினேன். ஸ்பீக்கர் எதிரே, திரைக்குக் கீழே இருந்தது. சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். கதவைச் சாத்தினேன்.

கும்மிருட்டு.

வெளியே ஸ்கூட்டர் மேல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தைரியமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவிட்சைப் போட்டேன். என் கைக்கடிகாரத்தின் முள் பச்சையாக மின்னியது. மூன்று பத்து.

திரையில் கறுப்பு. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான் படம். ஒவ்வொரு கட்டத்திலும் ஊசியால் குத்திய ஒரே ஒரு புள்ளி. அதன்மேல் நான் போட்ட கோடு, மேலிருந்து கீழாக, வெள்ளையாக.

ஸ்பீக்கரில் "ம்ம்ம்ம்" என்று இரைச்சல். அது மட்டும்தான். கீறல் ஓடினால் கரகரவென்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. இது ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

படம் மங்கலாக இருந்தது. எழுந்து லென்ஸைத் திருப்ப வேண்டும். எழவில்லை. அலுப்பு.

படம் தெளிந்தது.

நான் தொடவில்லை. புள்ளி மெல்லக் கூர்மையானது. கூர்மையைத் தாண்டிப் போனது. கொஞ்சம் மங்கியது. பிறகு... ஒரு நூல் அளவு பின்னால் வந்து நின்றது. அவள் அப்படித்தான் வைப்பாள். எப்போதும் தாண்டிப் போய், பிறகு திரும்பி வருவாள். "தாண்டிப் போனாத்தான் எது சரின்னு தெரியும்" என்பாள்.

சூட்டில் லென்ஸ் நகரும் என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு வாசனை வந்தது. ஃபிலிம் ஒட்டும் பசையின் வாசனை. நகப்பூச்சு மாதிரி காரமாக இருக்கும். அந்தப் புட்டியை நான் போன வாரமே தூக்கிப் போட்டிருந்தேன்.

என் இடது கை எதிலோ இடித்தது.

மரம். வழவழப்பான விளிம்பு.

முக்காலி.

அவளுடைய முக்காலியைச் சுவரோரம் தள்ளி, மேலே பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தேன். இப்போது அது என் பக்கத்தில் இருந்தது. மேலே பத்திரிகை இல்லை.

கையை எடுத்துக்கொண்டேன். மெதுவாக.

வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

திரையைப் பார்த்தேன். என் கோடு... நான் போட்ட நேர்க்கோடு... கல்துகள் உழுத கோடு வளையாது. வளைய முடியாது.

அது வளைந்துகொண்டிருந்தது.

மெல்ல. இடப்பக்கம். வலப்பக்கம். யாரோ அப்போதுதான் வரைகிற மாதிரி.

பழக்கம் விடாது பாருங்கள். எனக்குத் தெரியாமலே கேட்டேன்.

"ஸ்... ஸ்கூட்டர்?"

டக்.

முக்காலியின் மேல்.

ஓடியிருக்கலாம். கதவு நாலு எட்டில்தான். ஓடவில்லை.

"பல்லு?"

டக்.

"அப்ப என்னன்னு சொல்லும்மா..."

மூச்சுச் சத்தம்.

உள்ளே இழுக்கிற மூச்சு. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் நாக்கை மேலே ஒட்டி எடுக்கிற அந்தச் சின்ன... த்ச்.

எத்தனை நாளாயிற்று அந்த 'த்ச்'சைக் கேட்டு.

பிறகு...

தகர டப்பாவில் கூழாங்கல் போட்ட மாதிரி ஒரு குரல்.

"தூங்கிட்டியா?"

நான் அழுதேனா, சிரித்தேனா, தெரியவில்லை.

"இல்லம்மா," என்றேன். "முழிச்சிட்டுதான் இருக்கேன்."

முதல் தடவையாக அது உண்மை.

இருட்டு.

மூச்சு.

டக்...

டக்.

சுருள் தீர்ந்து, வால் பட் பட் பட் என்று அடிக்க ஆரம்பித்தது. திரை முழுக்க வெள்ளை வெளிச்சம். அறை முழுவதும் தெரிந்தது. முக்காலி என் பக்கத்தில் காலியாக நின்றது. அதன் பலகை சூடாக இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். தொட்டுப் பார்க்கவில்லை. அப்போது பயந்தேன். இப்போது, தொடாமல் விட்டதை நினைத்துத்தான் தூக்கம் போகிறது.

அன்று பொழுது சாய்வதற்குள் இன்னும் மூன்று தடவை ஓட்டினேன். "ம்ம்ம்ம்" என்ற இரைச்சல். நேரான கோடு. வேறு ஒன்றுமே இல்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. ஸ்பீக்கர் எனக்கு எதிரே இருந்தது. குரல் என் இடது காதுப் பக்கம் கேட்டது.

மறுநாள் மாலை திரையிடல் நடந்தது. பதினாலு பேர். மழை இல்லாமலே பதினாலு பேர். மச்சினன் எழுந்து அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றியே இருபது நிமிடம் பேசினான். அக்கா தன் முடிவை முன்கூட்டியே உணர்ந்து, வாழ்க்கையின் குறுக்கே தன் கையாலேயே ஒரு கோடு கிழித்துக்கொண்டாளாம். இரண்டு பேர் அழுதார்கள். யாருக்கும் கண் ஆபரேஷன் இல்லை, விசாரித்துவிட்டேன். அது என் மெருகுப் பொடி என்று நான் சொல்லவில்லை. அவள் இருந்திருந்தால் தோள் குலுங்கச் சிரித்திருப்பாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று காலையில் நடந்தது.

'பார்க்கலாம்' வந்தார். வழக்கம்போல் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து பையை வைத்தார். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, உச்சுக் கொட்டினார்.

"என்ன சார் இப்படி உழுது வெச்சிருக்கீங்க? எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?"

"பல் பொடி."

"பல் பொடியா?"

"பல் விளக்கற பொடி இல்ல. அதைவிட நல்ல பொடி. அதை விடுங்க. இதுல குரல் மிச்சம் இருக்கு. நேத்து கேட்டேன்."

அவர் நிமிர்ந்தார்.

"கேட்டீங்களா? எதுல?"

"இதுலதான். இந்த மிஷின்ல."

அவர் புரொஜெக்டரின் மூலையில் இருந்த சின்ன மூடியின் திருகைக் கழற்றினார். மூடியைத் திறந்து எனக்குக் காட்டினார்.

உள்ளே காலியாக இருந்தது. பல்பு மாட்டும் குழிதான் இருந்தது. பல்பு இல்லை.

சட்டைப் பையில் கையை விட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்தார். திறந்தார். பஞ்சுக்கு நடுவில், சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பல்பு.

"இது என்கிட்ட இருக்கு சார். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாள் கூப்பிட்டு விட்டாங்க. கழட்டிக் கையோட கொண்டு போன்னு சைகை காட்டினாங்க. அன்னையிலேர்ந்து பாக்கெட்லயே வெச்சிட்டுத் திரியறேன்."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க கடைக்குப் போயிருந்தீங்க."

பல்பை மாட்டினார். படத்தை ஓட்டினார். ஸ்பீக்கர் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. முதலிலிருந்து கடைசி வரை கரகர. தார் ரோட்டில் தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. ஒரு எழுத்து இல்லை. அரை எழுத்து இல்லை. இரண்டு வருஷம் வரைந்ததை நான் வழித்துத் துடைத்திருந்தேன்.

வால் பட் பட் என்று அடித்தது. அவர் நிறுத்தினார்.

"பல்பு இல்லாம சத்தம் வருமா?" என்றேன். "பார்க்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"இரைச்சல் வரும் சார்..."

"பேச்சு வருமா?"

"அது வந்து..."

"அவ எதுக்குக் கழட்டச் சொன்னா? அதையாவது சொல்லுங்க."

நெடுநேரம் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சிலேட்டுல எழுதிக் காட்டினாங்க. 'நான் பக்கத்துல உக்காராம அவர் இதைக் கேக்கக் கூடாது'ன்னு. எழுதிட்டு உடனே அழிச்சிட்டாங்க."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப நேத்து..."

அவர் முக்காலியைப் பார்த்தார். அது இன்னும் நான் விட்ட இடத்திலேயே, என் நாற்காலிக்கு இடப்பக்கம் இருந்தது. பார்க்கலாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லித் தொலைக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"உக்காந்திருந்தாங்க சார்."